விளக்கு எந்தப் பக்கம்?

ஐயா,

காரைக்குடியில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்குப் பாடம் ஏறும். அம்மா பக்கத்திலேயே ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய ஆங்கில அகராதியில் 'லூக்யுபிரேஷன்' என்றொரு சொல். இரவில் கண்விழித்துப் படிப்பதாம். 'லக்' என்பதிலிருந்து வந்ததா? தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடியுமா? இரவில் படிப்பது நல்லதா, விடியற்காலையிலா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் 'லூக்ஸ்' என்றால் வெளிச்சம். அதற்கு உறவுச் சொல் 'லூகூப்ராரே': விளக்கடியில் வேலை பார்ப்பது. ஆங்கிலத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். இரவா, விடியலா என்பதை உங்கள் தூக்கத்தைக் கேளுங்கள். ஒரே சொல் எதற்கு? 'கண்முழிச்சுப் படிச்சேன்' என்றால் புரியாதவர் உண்டா? 'நள்ளிரவுக்கல்வி' என்று எதையாவது வார்த்து எனக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வேலை பார்ப்பது என்றேன், கவனித்தீர்களா? படிப்பது என்று சொல்லவில்லை. ரோமாபுரி வரலாறு எழுதிய லிவி, லுக்ரீஷியா என்ற ரோமானியப் பெண் அகாலத்தில் கம்பளி நூற்றுக்கொண்டிருப்பதைச் சொல்கிறார். சுற்றிலும் விளக்கொளியில் வேலை செய்யும் பணிப்பெண்கள். அவர்கள் செய்ததற்கு அவர் போட்ட சொல் இதுதான். எழுத்து வேலைக்கும் அதே சொல் உண்டு. ஆனால் உங்கள் அகராதிக்கு வந்து சேர்ந்தது புத்தகம் மட்டும். கம்பளி வழியிலேயே விழுந்துவிட்டது.

தேவகோட்டையில் என் ஆயா வீடு. அத்தனை பெரிய வீட்டில் ராத்திரி இரண்டாம் கட்டுப் பகுதியில் மட்டும் ஒரு அரிக்கேன் விளக்கு எரியும். சிம்னிக்குள் சின்னக் கைதான் நுழையும் என்பதால் சாம்பல் போட்டுத் துடைப்பது என் வேலை. கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் விளக்கடியில் உட்கார்ந்து பேச்சைத் தயாரிப்பவர்; அவர் பேச்சில் திரி நாற்றம் அடிக்கிறது என்று பைதியஸ் என்ற இன்னொரு பேச்சாளர் கேலி செய்தாராம். எனக்கு அந்த நாற்றம், காலையில் மூக்கைச் சிந்தினால் வரும் கரி.

நான் படிப்பேன். எதிரே ஆயா கொட்டான், அதாவது ஓலைக்கூடை, முடைவாள். சாயம் போட்ட பனை ஓலையைச் சீராகக் கிழித்து, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். பேரனுக்குத் துணையாக விழித்திருந்தாள் என்று பல வருஷம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மேடையில்கூடச் சொன்னேன். மடையன். ஒரு ராத்திரி புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போய், நடுவில் விழித்தேன். புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆயா முடைந்துகொண்டிருந்தாள். விடிந்தால் கொடுக்க வேண்டிய கொட்டான்கள். அது அவள் விளக்கு. நான்தான் ஓசியில் படித்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் அம்மா ஒரே வரியில், மேசை நாற்காலி மாதிரி வந்துபோகிறார். ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டதுண்டா? இன்று கேளுங்கள். அப்புறம், வெளிச்சம் யார் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் அவர் இடத்துக்கு நீங்கள் மாறி உட்காருங்கள்.