காக்டெயில் கிளியின் தட்டில் ஸ்டார்லிங் சாப்பிடலாமா?

வணக்கம் சார்,

டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் நான்கு வயதுப் பெண் காக்டெயில் கிளி ஒன்று இருக்கிறது. மே மாதத் தொடக்கத்தில் கூரையோரத்துக் கூட்டிலிருந்து விழுந்த, மைனா குடும்பத்துப் பறவையான ஸ்டார்லிங்கின் குஞ்சு ஒன்றை என் மகன் எடுத்து வந்தான். கிளிக்குஞ்சுகளுக்கான பொடியைக் கரைத்து சிரிஞ்சில் ஊட்டினோம், பிழைத்துவிட்டது. இப்போது ஏழு வாரம் இருக்கும், தானே கொத்தித் தின்கிறது. இரண்டுக்கும் ஒரே தட்டில்தான் தினை, சூரியகாந்தி விதை, காக்டெயிலுக்கான பெல்லட் (குருணைத் தீனி) எல்லாம். நாங்கள் சாப்பிடும் மாம்பழம், தயிர்சாதத்திலும் கொஞ்சம் கொடுப்போம். ஸ்டார்லிங்கின் எச்சம் தண்ணீராகப் போகிறது. இறகுகளில் குறுக்கே வெளிறிய கோடுகள் தெரிகின்றன. போன வாரத்திலிருந்து காக்டெயிலின் கண்ணைக் குறிவைத்தே கொத்தப் போகிறது. ஒரே கூண்டில் விடலாமா? என்னதான் கொடுப்பது? மதுரையில் இருக்கும் என் தம்பியும் ஒரு மைனா வளர்க்க ஆசைப்படுகிறான்.

கவிதா

அன்புள்ள கவிதா,

ஒரே கூண்டு வேண்டாம். ஒரே தட்டு அதைவிடக் கெடுதல், இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

தராசில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். காக்டெயில் 80 முதல் 100 கிராம், ஸ்டார்லிங் 70 முதல் 90 கிராம். அதனால்தான் ஒரே தீனி போதும் என்று தோன்றிவிடுகிறது. காக்டெயில் அலகால் விதையை உருட்டி உமியைத் தள்ளிவிட்டுப் பருப்பைத் தின்னும், தீனிப்பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஸ்டார்லிங்குக்கு விதை உரிக்கவும் தெரியாது, கிளிக்கு இருப்பதுபோல் பெரிய தீனிப்பையும் கிடையாது. புல்தரையில் அலகைக் குத்திப் புழு பிடிக்கும் பறவை அது. நீங்கள் போடும் தினை வயிற்றை அடைக்கும், உடம்பில் ஒட்டாது. வயிறு நிறைந்தபடியே பட்டினி கிடக்கும்.

இறகுக் கோடுகளுக்கும் இதுதான் காரணம். இறகு வளரும் நாட்களில் புரதம் குறைந்தால் அந்த இடத்தில் இறகு நலிந்து கோடு விழும், பிறகு அங்கேயே ஒடியவும் செய்யும். கிளிக்குஞ்சுப் பொடியில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஸ்டார்லிங் குஞ்சுக்கு 30க்கு மேல் வேண்டும். அந்தப் பொடியைக் கூழாகக் கரைப்பது தீனிப்பையை நிரப்புவதற்காக. ஸ்டார்லிங் குஞ்சு அண்ணாந்து வாயைப் பிளக்கும்போது நாக்கு தொடங்கும் இடத்திலேயே மூச்சுத்துளை திறந்திருக்கும், நீர்த்த கூழ் அதில் இறங்கினால் நுரையீரலுக்குப் போய்விடும். உங்கள் குஞ்சு தப்பியது அதிர்ஷ்டம். இன்னொரு குஞ்சு விழுந்து கிடைத்தால், நனைத்த பஞ்சு போன்ற பதத்தில் தீனியைப் பிசைந்து, மழுங்கிய முனை இடுக்கியால் தொண்டையின் பின்பக்கம் வையுங்கள். இறகு முளைக்காத குஞ்சென்றால் 20-30 நிமிடத்துக்கு ஒரு முறை, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விடவே கூடாது.

விழுந்த இறகுக் கோடுகளைத் திருத்த முடியாது. ஆனால் ஸ்டார்லிங் முதல் கோடையின் முடிவில் எல்லா இறகுகளையும் உதிர்த்துவிட்டு, அந்தச் சாம்பல் பழுப்புக்குப் பதிலாகப் புள்ளி வைத்த புது உடுப்பைப் போட்டுக்கொள்ளும். அதற்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இப்போது கொடுக்கும் தீனிதான் அந்த இறகுகளாகப் போகிறது.

நல்ல தரமான உலர் பூனைத் தீனி ஒரு கப் எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் பட்டியலில் முதலில் கோழி இருக்க வேண்டும், சோளம் இருக்கக் கூடாது. புரதம் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஈரல் சேர்த்ததை எடுக்காதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். மிக்ஸியில் பொடித்து, வெந்நீர் தெளித்து ஊறவிடுங்கள். அதோடு சிக் ஸ்டார்ட்டர் எனப்படும் கோழிக்குஞ்சுத் தீவனம் கால் கப், மருந்து சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். கெட்டியாக அவித்த முட்டை ஒன்று, சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாஸ் கால் கப், பொடித்த கால்சியம் கார்பனேட் 750 மில்லிகிராம். வைட்டமின் டி கலந்த மாத்திரை வேண்டாம். எல்லாவற்றையும் பிசைந்தால் உதிரியாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும், அழுத்தினால் நீர் கசியக் கூடாது. ஐஸ் தட்டில் நிரப்பி உறைய வைத்துவிட்டால் தினமும் வேண்டியதை மட்டும் எடுத்து இளக்கிக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி, நாளைக்கு இரண்டு மூன்று வேளை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடந்ததை எறிந்துவிடுங்கள். ஊறிய இறைச்சித் தீனி டெக்சஸ் வெயிலில் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே மீல்வார்ம் எனப்படும் மாவுப்புழு நான்கைந்து போட்டால் முதல் நாளே தீனிக்குப் பழகிவிடும். அதை நாளுக்கு ஐந்தாறோடு நிறுத்துங்கள். மீல்வார்மில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியப் பொடியில் புரட்டிக் கொடுப்பது நல்லது. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் கால்சியம் தானாகவே இருக்கும், கிடைத்தால் அதுவே மேல்.

எச்சம் தண்ணீராகப் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது மாம்பழத்தைத்தான். கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் சுக்ரேஸ் என்ற நொதி ஸ்டார்லிங் குடும்பத்துக்கே கிடையாது. மாம்பழம், அன்னாசியில் இருக்கும் இனிப்பில் பெரும்பங்கு அந்தச் சர்க்கரைதான். செரிக்காமல் குடலில் தங்கும்போது தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். திராட்சையும் புளூபெர்ரியும் கொடுக்கலாம், அவற்றில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். தயிர்சாதத்தையும் நிறுத்துங்கள். பாலூட்டி அல்லாத உயிருக்குப் பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது, சோற்றில் புரதமும் மிகக் குறைவு. பாலும் பழமும் ஊட்டிக் கிளி வளர்த்த கதைகளைக் கேட்டே வளர்ந்துவிட்டோம், அந்தக் கிளிக்கும் பால் ஆகாது. அவகாடோ, சாக்லேட், வெங்காயம், உப்பிட்ட தீனி இரண்டுக்குமே விஷம்.

ஈரலை ஏன் வேண்டாமென்றேன் என்றால், இரும்பு. முருங்கைக்கீரை, பேரீச்சை, ஈரல் என்று பிள்ளைகளுக்குத் தேடித் தேடிக் கொடுக்கும் சத்து இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்கு எமன். இவை உணவிலுள்ள இரும்பை அளவில்லாமல் உறிஞ்சிக் கல்லீரலில் சேர்த்துக்கொள்ளும். வயிறு உப்பும், மூச்சு வாங்கும். சில சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு காலையில் கூண்டின் தரையில் கிடக்கும். இதற்குப் பேர்போனது மலை மைனா. தீனியில் இரும்பு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். பூனைத் தீனி பெரும்பாலும் அதைத் தாண்டும். என் கணக்கு இதுதான்: புது இறகு முளைத்து முடியும்வரை மேலே சொன்ன கலவை, அதன்பின் மைனா, டூக்கான் போன்றவற்றுக்காகவே இரும்பைக் குறைத்துச் செய்யும் பெல்லட்டை அடிப்படையாக்கி, பழைய கலவையைக் கால் பங்காகக் குறைப்பது. மசூரி நிறுவனத்தின் சாஃப்ட்பில் தீனி அந்த வகை. ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளைத் தீனியோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், வைட்டமின் சி இரும்பு உறிஞ்சுவதைக் கூட்டும். தேயிலையின் டானின் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று ஸ்டார்லிங்குகளிலேயே செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு வீட்டு டீயை ஊற்றிக் கொடுக்க வேண்டாம், அதில் காஃபீனும் உண்டு. செய்வதானால் மருத்துவர் மேற்பார்வையில்தான்.

காக்டெயில் பக்கம் வருவோம். அது பழைய பெல்லட்டோடும் காய்கறியோடும் இருக்கட்டும், சூரியகாந்தி விதையை மட்டும் பரிசு போல எப்போதாவது ஒன்றிரண்டு. ஆனால் விதையை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஸ்டார்லிங் ஒரே வேளையில் மாறிவிடும், காக்டெயில் பழகாததைத் தொடாமல் பட்டினியே கிடக்கும். வாரங்கள் எடுத்துக்கொண்டு எடை பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். முக்கியமாக, ஸ்டார்லிங்கின் கலவை காக்டெயிலின் வாய்க்குப் போகக் கூடாது. உங்களுடையது பெண். மென்மையான, புரதம் மிகுந்த தீனி தாராளமாகக் கிடைத்தால் முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்று அதன் உடம்பு முடிவு செய்துவிடும். ஆண் துணை இல்லாமலேயே வரிசையாக முட்டையிட்டு, கால்சியம் தீர்ந்து, முட்டை அடைத்துச் சாகும் காக்டெயில்கள் உண்டு.

கண்ணைக் கொத்துவது பகையால் அல்ல. பெரும்பாலான பறவைகளுக்கு அலகை மூடுவதில்தான் பலம். ஸ்டார்லிங்குக்குத் திறப்பதிலும் பலம். மூடிய அலகை மண்ணில் செருகி உள்ளே விரித்துப் பிளந்து புழுவைத் தேடும். பளபளப்பாக, ஈரமாக எது தெரிந்தாலும், கண்ணோ மூக்குத் துளையோ உங்கள் மகனின் காதோ, அங்கே செருகிப் பார்க்கும். பதிலுக்குக் காக்டெயில் ஒரு கடி கடித்தால் ஸ்டார்லிங்கின் கால் முறிந்துவிடும். ஆகவே வெளியே விடுவதும் முறைவைத்துத்தான்: ஒன்று வெளியே என்றால் மற்றது கூண்டில். கிளி கம்பியில் தொற்றி ஏறும், ஸ்டார்லிங் தரையில் நடக்கும், குறுக்கே பறக்கும். அதற்கு உயரமான கூண்டைவிட நீளமான கூண்டு வேண்டும், மூன்றடிக்குக் குறையாமல். கம்பி இடைவெளி அரை அங்குலம். இரு முனைகளிலும் தடிமன் மாறுபடும் மரக்கிளைகள், நடுவில் பறக்க இடம், தரையில் தினமும் மாற்றும் செய்தித்தாள். ஒரே தடிமன் பிளாஸ்டிக் கம்பு உள்ளங்காலைப் புண்ணாக்கும்.

ஸ்டார்லிங் தினமும் குளிக்கும், ஓர் அங்குலத் தண்ணீர் நின்றால் போதும், மூன்றடிக்கு அறை நனையும். தீனியையும் அதே உற்சாகத்தோடு வீசும், எச்சமும் கிளியைவிட இளகியது. அது தெறித்துக் காக்டெயிலின் தண்ணீரில் விழுவதுதான் நோய் தாவும் வழி, கூண்டுகளைத் தள்ளி வையுங்கள். காக்டெயிலின் உடம்பிலிருந்து உதிரும் வெள்ளைப் பொடி ஸ்டார்லிங்கின் மூச்சுக்கு ஆகாது. நுண்தூசியைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும், ஓசோன் விடும் வகை வேண்டாம்.

வெளியிலிருந்து வந்த குஞ்சை முப்பது நாளாவது தனி அறையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டதால் இப்போதே பறவை மருத்துவரிடம் இரண்டையும் கொண்டுபோங்கள். ஸ்டார்லிங்குக்கு எச்சப் பரிசோதனை: குடல் புழு, காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி, சால்மொனெல்லா பாக்டீரியா. வாயைப் பிளந்து தலையை உதறி இருமினால் மூச்சுக்குழாய்ப் புழுவாக இருக்கலாம், அதைச் சொல்லிக் கேளுங்கள். காக்டெயிலுக்குக் கிளிக்காய்ச்சல் சோதனை. அது ஸ்டார்லிங்குக்கும் உங்களுக்கும் தாவக்கூடியது.

தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்தியாவில் மைனாவையும் பச்சைக்கிளியையும் வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஸ்டார்லிங் அமெரிக்காவின் சொந்தப் பறவை அல்ல, 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் விடப்பட்ட ஐரோப்பியப் பறவைகளின் வாரிசு. அதனால் அங்கே கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை, டெக்சஸ் மாநிலச் சட்டமும் அதைப் பாதுகாப்பதில்லை. வேறு மாநிலத்துக்குக் குடிபோவதானால் அந்த ஊர் விதியைப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். காலையில் தீனி வைக்குமுன் இரண்டையும் நிறுத்துக் குறித்து வாருங்கள். பறவை நோயை மறைக்கும், எடை மறைக்காது. 85 கிராம் பறவை 77க்கு இறங்கினால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.