சீமைக் கருவேலத்தை அடியோடு ஒழிப்பது சரியா? இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்?

முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவன் நான். எங்கள் வீட்டிலேயே இதற்கு இரண்டு பதில் உண்டு. பெரியப்பா விவசாயி, மாமா அந்தக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர். கருவை பேச்சை எடுத்தால் சோறு ஆறிவிடும்.

பெரியப்பாவின் வாதம் சுருக்கமானது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் எங்களுக்கு நெல். இல்லையென்றால் குண்டு மிளகாயோடு சரி. வரத்துக்கால் முழுக்க முள் அடைத்து நின்றால் கண்மாய்க்குத் தண்ணீர் எப்படி வந்து சேரும்? இதில் எனக்கு மறுப்பே இல்லை. (காற்றிலிருக்கும் ஈரத்தை இந்த மரம் உறிஞ்சுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் நம்பாதீர்கள்.)

மாமா கேட்பது வேறு: "மழை பொய்ச்ச வருசம் உங்க மிளகா சோறு போட்டுச்சா, என் முள்ளு போட்டுச்சா?"

மூட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். வெட்டிய கட்டைகளைக் குவித்து அடுக்கி, மேலே தழை போட்டு, ஈரமண்ணால் மெழுகித் தீ வைப்பார்கள். அப்புறம் நாள்கணக்கில் காவல். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போய்விட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான். ராத்திரி எழுந்து போய் வெடிப்பை அப்ப வேண்டும். கெட்டியான வெள்ளைப் புகை மெலிந்து நீலம் தட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். மாமா வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் படித்தது இந்தப் புகையில்தான்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்னது. ஊர் ஊராக வெட்டினார்கள். சில மாதத்தில் இடைக்காலத் தடை வந்தது. 2022-இல் இவற்றை அகற்ற அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. நான் பார்த்தவரை சிக்கல் உத்தரவில் இல்லை, தூரில், அதாவது வேரோடு மண்ணில் நிற்கும் அடிக்கட்டையில் இருக்கிறது. எங்கள் கண்மாயை ஏலம் எடுத்தவர் விலை போகிற கட்டையை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை விட்டுப் போனார். இரண்டு மழை பெய்ததும் ஒரு தூருக்குப் பத்துக் கிளை. போதாக்குறைக்கு ஆடுகள் நெற்றைத் தின்று விதையைப் புழுக்கையோடு போட்டு வைக்கின்றன.

என் கருத்து: கண்மாய், வரத்துக்கால், ஊருணி மூன்றிலும் தூரோடு எடுக்க வேண்டும். தரிசாகக் கிடக்கும் பட்டா நிலத்தில், மாற்றுப் பிழைப்பு கிடைக்கும்வரை கரிக்காரர்களை விட்டுவிடலாம். பெரியப்பா இதை ஒப்புக்கொள்ள மாட்டார்; அந்தத் தரிசிலிருந்துதான் விதை திரும்பக் கண்மாய்க்கு வருகிறது என்பார். அதுவும் உண்மைதான்.

போன வருடம் தன் புஞ்சையில் நின்ற தூர்களைத் தோண்டி எடுத்துக்கொள்ள மாமாவை அவரே கூப்பிட்டார். கட்டையை விடத் தூர்க்கரிக்கு விலை கூட, மாமாவும் உடனே போய்விட்டார். ஜேசிபி வாடகை யார் கொடுப்பது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.