நாலு வருசத்துக்கு ஒருக்கா வாற கூத்து

கேள்வி: ஆசிரியர் ஐயா, போன இதழில ஓட்டம் பாய்ச்சலுக்கு ஆறு பக்கம், பிரீமியர் லீக்குக்கு அரைப் பக்கம், ஐபிஎல்லுக்கு ஒரு சின்னப் பெட்டி. உலகத்தில திறமான ஆக்கள் விளையாடுறது லீக்கிலதானே. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு எல்லாம் நாலு வருசத்துக்கு ஒருக்கா கொடி பிடிக்கிற கூத்து. அதுவும் எங்களுக்கு எந்தக் கொடி ஐயா? வன்னியில இருந்துகொண்டு அதைப் பாத்துக் கை தட்ட என்ன கிடக்கு?
- மன்செஸ்டர் விசரன், பரந்தன்

பதில்: தம்பி, உம்மட புனைபெயரைப் பாக்கவே வருத்தம் என்னெண்டு விளங்குது. 2013க்குப் பிறகு பிரீமியர் லீக் கோப்பையைக் கண்ணால காணாத மன்செஸ்டர் யுனைட்டட் ரீமுக்குப் பின்னால இவ்வளவு காலமா நிக்கிற ஆள், நாலு வருசம் காத்திருக்கிறது கஷ்டம் எண்டு எனக்கு எழுதுறீர்.

முதல்ல உம்மட பக்க நியாயம். ஆட்டத்தின்ர தரம் எண்டு பாத்தா லீக்தான் மேல, அதில நான் சண்டைக்கு வரேல்ல. கிளப்பில விளையாடுறவன் நாளாந்தம் அதே பத்துப் பேரோட பயிற்சி எடுக்கிறான், நாட்டு ரீமுக்கு வாறவன் ஒரு கிழமைக்கு முதல் வந்து ஆளையாள் கை குலுக்கிப் போட்டு இறங்குறான், பிறகு பாஸ் எங்கயோ போகாம என்ன செய்யும். ஆனா நீர் தரத்துக்காகத்தான் பாக்கிறீர் எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதையும். தரம்தான் வேணும் எண்டா இந்தப் பத்துப் பன்னிரண்டு வருசமா நீர் பக்கத்துச் சிற்றி ரீமையெல்லோ பாத்திருக்கோணும், அதுவும் மன்செஸ்டர்தானே.

லீக் எண்டுறது கடை தம்பி. நல்ல கடை, சாமானும் திறம், ஆனா கடை. 2023 கடைசியில நடந்த ஐபிஎல் ஏலத்தில அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மிச்சல் ஸ்டார்க்கை கொல்கத்தா ரீம் 24.75 கோடி இந்திய ரூபாய் குடுத்து எடுத்தது. அடுத்த வருசம் பரிஸ் ஒலிம்பிக்கில உலகத் தடகளச் சம்மேளனம் முதன்முதலாத் தங்கம் எடுத்த ஆக்களுக்குக் காசு குடுத்தது, ஒரு தங்கத்துக்கு 50,000 டொலர், மொத்தம் 48 போட்டி. கூட்டிப் பாரும், 24 லட்சம் டொலர். அந்த 48 தங்கத்தையும் சேத்தாலும் ஸ்டார்க் ஒருத்தரின்ர ஏலக்காசுக்கு எட்டாது. நான் ஸ்டார்க்கைக் குறை சொல்லேல்ல, அந்த மனுசன் பந்தும் அப்பிடித்தான் போடுறார். ஆனா காசு கூடின ரீம் நல்ல ஆளை வாங்கும் எண்டுறது ரிவி போட முதலே எனக்குத் தெரியும்.

நாட்டுக்காக ஓடுற இடத்தில அப்பிடி வாங்கேலாது. (வாங்குறாங்கள்தான், கென்யாவில பிறந்த ரூத் ஜெபெட் 2016இல ரியோவில தங்கம் எடுத்தது பஹ்ரேன் நாட்டுக்கு, அது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சு அடுத்த மாசம் கடிதம் போடாதையும்.) ஆனாப் பொதுவா உள்ள பிள்ளையளைத்தான் அனுப்போணும். பரிஸில பொம்பிளையளின்ர 100 மீற்றரை வெண்டது ஆர்? ஜூலியன் அல்பிரட், செயின்ட் லூசியா. அந்த நாட்டுச் சனத்தொகை ஒரு லட்சத்து எண்பதினாயிரம் சொச்சம், 2012 கணக்கெடுப்பில எங்கட கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் சேத்தா அதை விடக் கொஞ்சம் கூட வரும். முப்பாய்ச்சலில 15.02 மீற்றர் பாய்ஞ்சு தங்கம் எடுத்த தியா லபொண்டின்ர டொமினிக்கா இன்னும் சின்னன், முல்லைத்தீவு மாவட்டத்தை விடச் சனம் குறைவு. ரெண்டு நாட்டுக்கும் அதுதான் வரலாற்றில முதல் ஒலிம்பிக் பதக்கம். முல்லைத்தீவு பிரீமியர் லீக்கில ஒரு ரீம் வச்சிருக்கிறதை உம்மால கனவிலயாவது காணேலுமோ? ஆனா ஒரு முல்லைத்தீவுப் பிள்ளை அமெரிக்கப் பிள்ளைக்குப் பக்கத்து லைனில நிக்கிறதைக் காணலாம், நான் கண்டிருக்கிறன், கனவிலதான்.

இனி உந்தக் கொடிக் கதைக்கு வருவம். உமக்கு வயசு காணாது, அதால சொல்லுறன். 2000ஆம் ஆண்டு புரட்டாதி, நாங்கள் வன்னியில மல்லாவியில இருந்த காலம். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. இரவில பிபிசி தமிழோசை கேக்க வேணுமெண்டா சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வச்சு, டைனமோவை ரயரில முட்ட விட்டு, வயரை றேடியோவில குடுத்து, ஒருத்தன் இருந்து பெடலைக் கையால சுத்தோணும். கெதியாச் சுத்தினா வாசிக்கிறவரின்ர குரல் கணீரெண்டு வரும், கை சோர்ந்தா அவரும் சோர்ந்து போவார். அண்டைக்குச் சிட்னியில 200 மீற்றர் இறுதிப் போட்டி முடிஞ்ச நாள், சண்டைச் செய்தியெல்லாம் முடிஞ்சு விளையாட்டுக்கு வந்தாச்சு, முத்தத்தில பதினஞ்சு இருபது பேர், ஒரு இருமல் இல்லை. சுசந்திகா எண்ட பேர் விழுந்ததுதான் தாமதம், சுத்திக்கொண்டிருந்த பெடியன் தானும் வடிவாக் கேப்பமெண்டு கையை விட்டிட்டுக் காதைக் கிட்டக் கொண்டு போனான். சில்லு ஓய ஓயக் குரலும் ஓஞ்சு, "இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க" எண்டதோட றேடியோ செத்துப் போச்சு. அவனுக்கு விழுந்த குட்டுக்கு அளவில்லை. மூண்டாம் இடம் எண்டு அடுத்த நாள் காலமை சந்திக் கடையிலதான் எங்களுக்குத் தெரியும்.

அவ ஓடினது எங்களுக்கு மேல குண்டு போடுற கிபிர் விமானம் விட்ட அரசாங்கத்தின்ர கொடியோட. அந்த முத்தத்தில இருந்த ஒருத்தருக்கும் அது தெரியாத விசயமில்லை, பங்கர் ரெண்டு எட்டுத் தள்ளித்தான் கிடந்தது. ஆனாலும் பெடியனுக்குக் குட்டு விழுந்ததெல்லோ? அதுக்கு என்ன கருத்து எண்டு நானும் கன நாள் யோசிச்சனான். அவ கேகாலைப் பக்கத்து ஏழைப் பிள்ளை. 200 மீற்றர் எண்டா எங்கட பள்ளிக்கூட மைதானத்தில ஒரு சுத்து, அதைச் சப்பாத்தில்லாம ஓடிப் பாத்த ஆக்கள்தான் அந்த முத்தத்தில இருந்தது முழுக்க. வளைவில மூச்சு எங்க பிடிக்கும், கடைசி முப்பது மீற்றரில துடை என்ன செய்யும் எண்டு உடம்புக்குத் தெரியும். கொடியில எனக்குக் கோபம் இருந்தது, இப்பவும் கிடக்கு, நான் அதை ஒளிக்கேல்ல. அந்தக் கோபத்தை வச்சுக்கொண்டே ஓடுற பிள்ளைக்குக் கத்தேலும், ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ள கிடக்கும், உமக்கு அது கணக்கில பிழை மாதிரித் தெரிஞ்சா நான் ஒண்டும் செய்யேலாது.

பிறகு பாரும், அந்த மூண்டாம் இடமும் பொய்யாப் போச்சு. முதலாவது வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல ஒத்துக்கொண்டா, பதக்கத்தைப் பறிச்சு, சுசந்திகாவுக்கு வெள்ளி எண்டு முடிவாகேக்க 2009 மார்கழி. நாங்கள் அப்ப சண்டை முடிஞ்சு எங்களை அடைச்சு வச்ச மெனிக் பாம் முகாமில, போகலாம் எண்டு சொன்னாங்கள், போக வீடில்லை. லைனில நிக்கேக்க ஆரோ சொல்லித்தான் அந்தச் செய்தி கேட்டனான். சிரிப்பு வந்தது எண்டா நம்புவீரோ?

கொடி பற்றிக் கேட்டபடியால் இன்னொண்டு. ஆசிய விளையாட்டில இந்தத் தீவுக்கு முதல் தங்கம் கொண்டு வந்தது நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ் மத்திய கல்லூரிப் பெடியன், 1958 டோக்கியோ, உயரம் பாய்தல், 2.03 மீற்றர். கிட்டத்தட்ட ஆறடி எட்டு அங்குலம், உம்மட வீட்டுக் கதவு நிலைக்கு மேல் கட்டையில கையை வச்சுப் பாரும் எங்க வருதெண்டு. அமெரிக்காவின்ர ஃபொஸ்பரி முதுகைக் குடுத்து உயரம் பாய்ஞ்சு காட்டினது 1968இல, அதுக்குப் பத்து வருசம் முந்தின கதை இது. அதே 1958இலதான் இஞ்ச தமிழருக்கு எதிரான கலவரமும் நடந்தது, வைகாசியில. கலவரமும் தங்கமும் ஒரே மாசத்தில.

யாழ்ப்பாணம் எண்ட பேரில ஒரு லீக் ரீம் இருக்குத்தானே எண்டு அடுத்ததாக் கேப்பீர். இருக்கு. 2020, 2021, 2022, 2024 எண்டு எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்) கிரிக்கெட் கோப்பையை நாலு தரம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில எத்தினை மட்ச் விளையாடினது? ஒண்டும் இல்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை. ஆனா அந்த லீக்தான் எங்கட யாழ்ப்பாணத்துச் சுழல்பந்துக்காரன் வியாஸ்காந்தை வெளியில கொண்டு வந்தது, 2024இல ஹைதராபாத்துக்கு ஐபிஎல் வரைக்கும் போனான், அதுக்கு நான் தொப்பி கழட்டுறன். சோறு போடுறது லீக்தான், அதில மறுகதை இல்லை. சோறு போடுற இடத்தைத்தான் பாத்துக்கொண்டு இருக்கோணும் எண்டா நாங்கள் எல்லாரும் கமநல சேவை நிலையத்துக்கு முன்னால கதிரை போட்டு இருக்கோணும்.

மற்றது, லீக்கில தோத்தா அடுத்த சனிக்கிழமை இருக்கு. பரிஸில ஆம்பிளையளின்ர 100 மீற்றர் பாத்தனீரோ, நோவா லைல்ஸ் 9.784, ஜமெய்க்காவின்ர கிஷேன் தொம்சன் 9.789. செக்கனில ஆயிரத்தில அஞ்சு. கோட்டைத் தாண்டினவங்களுக்கே ஆர் வெண்டதெண்டு தெரியாம எல்லாரும் போர்ட்டைப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். தொம்சனுக்கு அடுத்த கிழமை ஒலிம்பிக் இல்லை. அந்த நிற்பைத்தான் நான் சாமம் ஒரு மணிக்குப் பிறகும் முழிச்சிருந்து பாத்தனான், வீட்டுக்காரி பேசப் பேச.

ஆறு பக்கம் ஆறு பக்கம்தான், குறைக்க மாட்டன். உம்மட அரைப் பக்கத்திலயும் கை வைக்க மாட்டன், புள்ளி அட்டவணையில பிழை பிடிச்சு மாசாமாசம் எழுதுற ஒரே வாசகர் நீர்தான். இந்த முறை வலய மட்டப் போட்டி நடக்கேக்க எங்கட பள்ளிக்கூட மைதானத்துக்கு வாரும், 200 மீற்றர் முடியிற கயித்தடியில நான் நிப்பன். தொப்பி கொண்டு வாரும், அந்தப் பக்கம் நிழல் இல்லை.