குறட்டை நின்றால் ஸ்லீப் ஆப்னியாவும் போய்விட்டதா?

"சிபேப் மாஸ்க் போட்டுத் தூங்க முடியவில்லை, ஆபரேஷன் செய்துகொண்டால் ஸ்லீப் ஆப்னியா அடியோடு போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு திரும்பத் திரும்பத் தடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா. காற்றை அழுத்தத்தோடு செலுத்தி அந்த வழியைத் திறந்துவைப்பது சிபேப் மாஸ்க். எனக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. நன்றாகக் குறைந்தது, அடியோடு போகவில்லை.

தூக்கப் பரிசோதனையில் எனக்கு மணிக்கு 41 தடவை மூச்சு தடைபட்டது. 30-ஐத் தொட்டாலே தீவிரம் என்பார்கள். மாஸ்க்கைத் தூக்கத்திலேயே கழற்றிவிடுவேன். இ.என்.டி. டாக்டர் உடனே தேதி குறிக்கவில்லை. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டு, தொண்டை எங்கே மூடுகிறது என்று பார்த்தார். அந்த வீடியோவை எங்களுக்கும் காட்டினார். உள்நாக்கை ஒட்டிய சதை பின்னால் சரிந்து சரிந்து, கடைசியில் வழியே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. சில நொடிகள் அசைவே இல்லை. பிறகு ஒரு உதறலோடு திறந்தது. "ராத்திரியெல்லாம் நான் முழிச்சிருந்து கேட்டது இதைத்தான்" என்றாள் மனைவி.

அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அடைப்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எனக்கு டான்சிலும் பெரிது, அடைப்பும் மேலே. அதனால் டான்சிலை எடுத்து மேலண்ணத்தின் பின்பகுதியைச் சீரமைத்தார்கள். அடிநாக்கு சரிந்து அடைப்பவருக்கு இதே ஆபரேஷனைச் செய்தால் வலிதான் மிஞ்சும். தாடை உள்வாங்கியவர்களுக்கு இரண்டு தாடைகளையும் முன்னால் நகர்த்துவார்கள். பெரிய ஆபரேஷன், பலனும் பெரிது. நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் கருவியை மார்புத் தோலுக்கடியில் பொருத்துவதும் உண்டு. அதற்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. மூக்குத் தண்டை நேராக்குவது மட்டும் ஆப்னியாவைப் பெரும்பாலும் குறைக்காது, ஆனால் மாஸ்க் போடுவது சுலபமாகும். குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) எடுத்ததும் சரியானதாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நமக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் எச்சில் விழுங்கினாலே காது வரைக்கும் வலித்தது. தண்ணீர் குடித்தால் சில சமயம் மூக்கில் ஏறும். இதைச் சொல்லாமல் யாரையும் ஆபரேஷனுக்கு அனுப்பக்கூடாது.

அப்புறம் குறட்டை நின்றது. குணமாகிவிட்டது என்றே நம்பினேன். டாக்டர் விடாப்பிடியாக மறுபடி தூக்கப் பரிசோதனை எடுக்கவைத்தார்: மணிக்கு 14. சத்தமில்லாமல் மூச்சு நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. இப்போது முன்பைவிடக் குறைந்த அழுத்தத்தில் அதே மாஸ்க் போடுகிறேன். விடியும்வரை அது முகத்திலேயே இருக்கிறது.