சமன்பாடு சமம்தான், ஆனால் உலகம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே?

"ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் ஆற்றலும் பொருளும் சமம். அப்புறம் ஏன் ஆற்றல் பொருளாவதை மட்டும் நாம் பார்ப்பதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கடலூர். பக்கத்தில் நெய்வேலி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். 1000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 2.4 கோடி யூனிட். அத்தனையையும் எடையாக மாற்றினால் 1 கிராம்கூடத் தேறாது. அதோடு, ஒரு ஒளித்துகள் எலக்ட்ரானை உண்டாக்கக் குறைந்தது 10.22 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் மிகச் சின்ன அலகு) வேண்டும். சில்வர் பீச்சில் மண்டையைப் பிளக்கிற வெயிலில், கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் ஒன்றிடம் இருப்பது இரண்டு, மூன்று எலக்ட்ரான் வோல்ட்தான். எத்தனை கோடி துகள் வந்தாலும் பலனில்லை. சில்லறையைச் சேர்த்துக் கட்ட முடியாத கடன் இது.

அப்படியே போதுமான ஆற்றல் இருந்தாலும் எலக்ட்ரான் தனியாகப் பிறக்காது. கூடவே அதன் எதிர்த்துகள் பாசிட்ரானும் பிறக்கும்; எடை அதேதான், மின்னூட்டம் மட்டும் நேரெதிர். இந்தப் பாசிட்ரான் 1928-ல் இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாட்டில் தலைகாட்டியது, 1932-ல் ஆய்வாளர் ஆண்டர்சன் கண்ணில் பட்டது.

எதிர்த்திசையில் நடப்பதைப் புதுச்சேரியில் பார்த்தேன். அத்தைக்கு பெட் ஸ்கேன். ஊசியை ஈயக் கூட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டிய சர்க்கரை. அது விடும் பாசிட்ரான் உடம்பிலுள்ள ஒரு எலக்ட்ரானோடு மோதி, இரண்டும் மிச்சமில்லாமல் அழியும், தலா 5.11 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டோடு இரண்டு காமா கதிர்கள் எதிரெதிரே பறக்கும். அவற்றைத்தான் உடம்பைச் சுற்றியிருக்கும் ஸ்கேன் கருவியின் வளையம் பிடிக்கிறது. "எனக்குள்ள எலக்ட்ரான் கொறஞ்சிடாதா தம்பி?" என்றார் அத்தை. குறையாது. ஃப்ளூரின் ஆக்சிஜனாக மாறும்போது ஒரு எலக்ட்ரான் உபரியாக நிற்கும்.

ஆக, இரண்டு திசையிலும் கணக்கு நேர். உண்மையான கோணல் வேறிடத்தில் இருக்கிறது. எல்லாமே ஜோடியாகப் பிறந்திருந்தால், பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று அழித்து வெறும் ஒளிதான் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் சுமார் 100 கோடி ஜோடிக்கு ஒரு துகள் கூடுதலாக இருந்திருக்கிறது. கடலூர், நீங்கள், நான் எல்லாம் அந்த மிச்சத்தில்தான். 1964-ல் இயற்பியலாளர்கள் குரோனினும் ஃபிட்சும் கே-மேசான் என்ற நிலையற்ற துகளின் சிதைவில் துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் இடையே சின்ன ஓரவஞ்சனையைக் கண்டுபிடித்தார்கள். சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று பார்த்தால், அந்த அளவு வித்தியாசம் இவ்வளவு பொருளை மிச்சம் வைக்கப் போதவில்லை.