தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில், கூட்டமில்லாமல் தாலி கட்டலாமா?

டர்பனில் மண்டபம், ஐந்நூறு பேர் எதுவும் வேண்டாம், மலையேறிப் போய்த் தாலி கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டலாம், அருமையான ஆசை. ஆனால் சட்டப்படி பதிவு வேறு. தென்னாப்பிரிக்காவின் 1961 திருமணச் சட்டம், திருமணம் வழிபாட்டுத்தலம், அரசு அலுவலகம் அல்லது வீட்டுக்குள், கதவு திறந்திருக்க, 2 சாட்சிகள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்கிறது. அதனால் கையெழுத்தைக் கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள். கோடையில் பிற்பகல் இடிமழை வரும். முகூர்த்தத்தை விடியலில் வையுங்கள். குளிர்காலத்தில் புல் காய்ந்து கிடக்கும், கற்பூரம்கூட ஏற்ற வேண்டாம். அப்புறம், அந்த மலையில் உள்ள துகேலா அருவியின் உச்சிக்குச் சென்டினல் பாதையில் போனால் செங்குத்துப் பாறையில் சங்கிலி ஏணி வரும். பட்டுப்புடவை பையில் இருக்கட்டும், மேலே போய்க் கட்டிக்கொள்ளலாம்.