பழைய மைஎஸ்க்யூஎல்லில் தெரிந்த தமிழ், புதியதில் ஏன் கிறுக்கலாகிறது?

கேள்வி: எங்கள் பள்ளியின் மாணவர் பதிவேடு 2009 முதல் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.1 பதிப்பில் ஓடுகிறது. டம்ப் (டேட்டா முழுவதன் நகல் கோப்பு) எடுத்து 8.4-இல் ஏற்றிப் பார்த்தேன். ஆங்கிலமும் எண்களும் சரி; தமிழ் எல்லாம் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாக வருகிறது. டேட்டா போய்விட்டதா?

பதில்: போகவில்லை. பழைய சர்வரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்து மைஎஸ்க்யூஎல் தானாக எடுத்துக்கொள்ளும் கேரக்டர் செட் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) ஐரோப்பிய மொழிகளுக்கான லாட்டின்1. உங்கள் பிஎச்பி புரோகிராம் தமிழை, எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8 முறையில், குறிக்கு 3 பைட் வீதம் அனுப்பியது. சர்வரோ ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்து என்று நம்பி வாங்கி வைத்தது, கேட்டபோது அப்படியே திருப்பித் தந்தது. போகும்போதும் வரும்போதும் ஒரே தப்பு. அதனால் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. நீங்கள் எடுத்த டம்ப் அந்த 'ஐரோப்பிய எழுத்துகளை' அக்கறையாக யூடிஎஃப்-8-க்கு மாற்றியதில்தான் கோளாறு.

சந்தேகமிருந்தால், பழைய சர்வரில் 'அம்மா' என்று ஒரு வரி சேர்த்து அதன் சார்_லெங்த் (எழுத்து எண்ணிக்கை) கேளுங்கள். அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 வரவேண்டும். 15 வந்தால் நான் சொன்னதேதான்.

சரி, டம்பை மறுபடி எடுங்கள். இம்முறை கேரக்டர் செட் லாட்டின்1 என்றே கொடுத்து, ஸ்கிப்-செட்-சார்செட் ஆப்ஷனையும் சேருங்கள். கோப்பை எடிட்டரில் யூடிஎஃப்-8 ஆகத் திறந்தால் தமிழ் படிக்க வரவேண்டும். வந்தால் பாதி வேலை முடிந்தது. டேபிள் வரையறைகளில் மட்டும் லாட்டின்1-ஐ யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-இன் பெயர்) ஆக்கி, அதே செட்டைச் சொல்லி ஏற்றுங்கள். இருக்கிற இடத்திலேயே அப்கிரேட் செய்வதென்றால் 5.5, 5.6, 5.7, 8.0 என்று படிப்படியாக ஏற வேண்டும். டம்ப் வழியில் பெரும்பாலும் நேராகத் தாண்டலாம். 'மைஎஸ்க்யூஎல்' என்ற சிஸ்டம் டேட்டாபேஸை மட்டும் கொண்டுபோகாமல், யூசர்களைப் புதிதாக உருவாக்குங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: லாட்டின்1-இல் 100 அளவுள்ள முகவரிப் புலம் 33 தமிழ்க் குறிகளைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனவை அப்போதே சத்தமில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். பழைய சர்வரில் நீளம் சரியாக 100 உள்ள வரிகளைப் பட்டியலெடுத்து, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துக் கையால் திருத்துங்கள். அதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

அப்புறம் புரோகிராம். டேட்டாபேஸோடு இணைக்கும் பழைய மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டது. மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓவுக்கு மாற்றியே ஆகவேண்டும். பிறந்த தேதி தெரியாதபோது 0000-00-00 என்று போட்டிருந்தால் அதை 'நல்' (NULL, மதிப்பில்லை) ஆக்குங்கள். மதிப்பெண் டேபிளில் 'ரேங்க்' என்ற ஆங்கிலப் பெயரில் புலம் இருக்குமே, 8.0 முதல் அது ரிசர்வ்டு சொல், அதாவது மைஎஸ்க்யூஎல் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. பெயரை மாற்றுங்கள், இல்லையென்றால் குவெரிகளில் அதைச் சுற்றி பேக்டிக் (`) குறி போடுங்கள்.